ஓர் அடியும் குறையாமல்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கூத்தும் பம்பையும் பழைய கேசட்டுகளில் தேய்ந்துகொண்டிருக்கின்றன. பாட்டுச் சேர்ப்பவர்கள் ஏன் 'லாஸ்லெஸ்' பக்கம் திரும்புகிறார்கள்?

சென்னையிலிருந்து தெற்கே இரவுப் பேருந்தில் போய்வந்த தலைமுறைக்கு விக்கிரவாண்டி என்றதும் மோட்டல்தான் நினைவுக்கு வரும். நள்ளிரவில் வண்டி ஓரம் கட்டும். தூக்கம் கலைவதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டு காதைத் துளைக்கும். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக் கடை, அதில் அடுக்கடுக்காக சிடி. காதல் பாட்டு, சோகப் பாட்டு, தத்துவப் பாட்டு, அம்மன் பாட்டு. ஒரே தட்டில் 150 பாட்டு என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட சுமார் 40 கிலோமீட்டரில் அந்தத் தட்டுகளை வாங்காத லாரி ஓட்டுநர் குறைவு.

பாட்டுக்காகவே அச்சிட்ட ஆடியோ சிடியில் பன்னிரண்டு, பதினைந்து பாட்டுக்குமேல் கொள்ளாது. அதே தட்டில் 150 ஏறியது எம்பி3 என்ற சுருக்க முறையால். அது செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எல்.பி. இசைத்தட்டு வாங்க வசதியில்லாத வீட்டிலும் எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் ஒலித்தார்கள். பிறகு பேருந்து நிலையத்துச் செல்போன் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்து 'பாட்டு ஏத்திக்' கொண்டோம். ஆயிரம் பாட்டு சட்டைப் பைக்குள் வந்தது.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. அதே எம்பி3 கோப்புகளை ஒதுக்கிவிட்டு, பழைய சிடிகளைத் தேடிப்பிடித்து, ஃபிளாக் என்ற கோப்பு வகையில் மறுபடி முதலிலிருந்து பதிந்துவைக்கிறார்கள் சேகரிப்பாளர்கள். ஒரு பாட்டுக்கு ஐந்து எம்.பி. போதும் என்றிருந்த இடத்தில் முப்பது எம்.பி. கொடுக்கிறார்கள். வீண் ஆடம்பரம் என்று இதை ஒதுக்கத் தோன்றலாம். நம் ஊர்ப்பக்கத்துக் கலைகளை நினைத்துப் பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வராது.

இரண்டு விதச் சுருக்கம்

ஒலி கணினிக்குள் எண்களாகத்தான் இருக்கிறது. சிடியில் விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடம், வலம் என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சுமார் 53 எம்.பி.

எம்பி3 இதைக் காதின் பலவீனத்தை வைத்துக் குறைக்கிறது. பெரிய ஓசைக்கு அருகே ஒலிக்கும் சின்ன ஓசை நமக்குக் கேட்பதில்லை. மிக உச்சத்தில் ஒலிப்பதும் பலருக்கு எட்டுவதில்லை. கேட்காது என்று கணித்ததைத் தூக்கியெறிந்துவிட்டு, மிச்சத்தைத் தோராயமாக எழுதிவைக்கிறது. மோட்டல் தட்டுகளில் பரவலாக இருந்த 128 கிலோபிட் எம்பி3, சிடியில் இருந்த தகவலில் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் வைத்துக்கொள்கிறது. எறிந்தது எறிந்ததுதான். எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதன் அடியில் இருக்கும் கணிதத்தில் நம்மவர்களின் கை உண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, தி. நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட கொசைன் உருமாற்றக் கட்டுரையிலிருந்து கிளைத்த முறையைத்தான் எம்பி3 பயன்படுத்துகிறது. செல்போனில் எடுக்கும் ஜேபெக் படமும் அதே கட்டுரையின் பிள்ளைதான்.

'லாஸ்லெஸ்' என்கிற இழப்பில்லாத சுருக்கம் வேறு வழியில் போகிறது. அதற்கும் ஓர் இந்திய வேர் உண்டு. கான்பூரில் 1933-ல் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த பிஷ்ணு அடல், 1960-களின் பிற்பகுதியில் மான்ஃபிரெட் ஷ்ரோடருடன் சேர்ந்து பேச்சொலிக்காக 'நேர்கோட்டு முன்கணிப்பு' முறையை வளர்த்தெடுத்தார். முந்தைய சில அளவுகளைப் பார்த்தால் அடுத்த அளவு எங்கே வரும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம் என்பது அதன் சாரம். கூத்தில் தாளம் போடுகிறவர் வாத்தியாரின் அடுத்த அடியை முன்கூட்டியே அறிந்து கையைத் தயாராக வைத்திருப்பாரே, அதைப் போல. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். ஃபிளாக் எழுதிவைப்பது அந்த வித்தியாசத்தை மட்டும். சின்ன எண்களைக் குறைந்த இடத்தில் எழுத நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ராபர்ட் ரைஸ் 1970-களில் வகுத்த குறியீடு உதவுகிறது. திரும்பக் கேட்கும்போது இயந்திரம் அதே ஊகத்தைச் செய்து, வித்தியாசத்தைக் கூட்டி, பழைய எண்ணை அப்படியே எடுத்துக்கொடுக்கும். ஒரு பிட்கூட மாறாது.

ஜாஷ் கோல்சன் என்ற நிரலாளர் 2000-ல் ஃபிளாக்கை எழுதத் தொடங்கினார். முதல் முழுப் பதிப்பு 2001 ஜூலையில் வந்தது. 2003-ல் ஜிஃப் அறக்கட்டளையின் குடைக்குள் போனது. தொடக்கம் முதலே யாருக்கும் காப்புரிமைக் கட்டணம் கிடையாது. எம்பி3-க்கான உரிமத் திட்டம் முடிந்ததே 2017-ல்தான். 2024 டிசம்பரில் ஃபிளாக்கின் அமைப்பு ஆர்.எஃப்.சி. 9639 என்ற இணையத் தர ஆவணமாகவும் பதிவாகிவிட்டது. நாளை எந்த நிறுவனம் மூடினாலும் அந்த ஆவணத்தைப் பார்த்துக் கோப்பைத் திறக்கும் மென்பொருளை எழுதிக்கொள்ளலாம். ஆப்பிளுக்கும் 2004-லிருந்து ஏலாக் என்ற சொந்த வகை உண்டு, அதையும் 2011-ல் திறந்துவிட்டார்கள்.

மூலக் கோப்பில் ஏறத்தாழப் பாதியிலிருந்து எழுபது விழுக்காடு வரை ஃபிளாக்குக்குத் தேவைப்படும். தனிக் குரலும் தம்புராவுமாகப் பாடிய கச்சேரி நன்றாகச் சுருங்கும். உச்ச சத்தத்தில் அடைத்து நிரப்பிய இன்றைய குத்துப்பாட்டு சுருங்க மறுக்கும். மென்பொருளில் 0 முதல் 8 வரை நிலைகள் இருப்பதைப் பார்த்து எட்டில் ஒலி கெடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கெடாது. எல்லா நிலையிலும் வெளிவருவது அதே ஒலி. சுருக்க எடுக்கும் நேரமும் கோப்பின் அளவும்தான் மாறும்.

காது என்ன சொல்கிறது?

ஃபிளாக்கில் கேட்டால் தேன் பாய்கிறது என்கிறவர்களை நம்புவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல கருவியால் 320 கிலோபிட்டில் சுருக்கிய எம்பி3 எது, ஃபிளாக் எது என்று சொல்லாமல் போட்டுக்காட்டினால் பெரும்பாலோரால் பிரித்தறிய முடியாது. நாற்பதைத் தாண்டிய பலருக்கு விநாடிக்கு 15,000 அதிர்வுக்கு மேல் கேட்பதே சிரமம். சாதாரண புளூடூத் செவிப்பொறியில் கேட்டால் போன் அந்த ஃபிளாக்கை மறுபடி இழப்போடு சுருக்கித்தான் அனுப்புகிறது. டவுன்பஸ்ஸின் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே இந்த வாதமே எழாது.

128-க்குக் கீழே வந்தால் கதை வேறு. அங்கே வித்தியாசம் கேட்கும், அதுவும் நம் வாத்தியங்களில் நன்றாகவே கேட்கும். எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டாக எடுத்துச் சுருக்குகிறது. ஒரு துண்டின் கடைசியில் திடீரென்று பலமான அடி விழுந்தால், சுருக்கத்தில் உண்டாகும் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவும். அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய கசிவு கேட்கும். பம்பையின் முதல் அடி, தவில் தொப்பியில் விழும் குச்சி, கூத்தாடியின் கால் சலங்கை, ஜால்ரா எல்லாமே திடீர் ஓசைகள். மௌனத்திலிருந்து ஒரே தாவலில் உச்சிக்குப் போகிறவை. எம்பி3-க்கு ஆகாத ஓசைகள் இவைதான். குறைந்த அளவில் சுருக்கிய கூத்துப் பதிவில் சலங்கை தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் குழைந்துவிடும். முகவீணையின் கூர்மை மழுங்கும். மெல்லிசை கேட்டுப் பழகியவர் இதைக் கவனிக்காமல் போகலாம். விடிய விடிய கூத்துக் கேட்டு வளர்ந்தவர் உடனே முகம் சுளிப்பார்.

ஆனாலும் காதை மட்டும் வைத்து வாதாடினால் லாஸ்லெஸ் தோற்றுவிடும். நல்ல 320 எம்பி3 போதுமே என்று யாரும் சொல்லிவிடலாம், கேட்பதற்கு அது போதும்தான். சேர்த்துவைப்பவருக்கு அது போதாது.

நகலின் நகல்

எண்பதுகளில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும், ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. துண்டுச்சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக்கொடுத்தால் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்துகொடுப்பார்கள். எல்.பி.யிலிருந்து கேசட்டுக்கு முதல் நகல். அதை நண்பர் வாங்கிப்போய் இரண்டு டெக் இருக்கும் டேப்ரெக்கார்டரில் இன்னொரு நகல் எடுப்பார். ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும், மேல்ஸ்தாயி மங்கும், ஓட்டத்தில் மெல்லிய தள்ளாட்டம் சேரும். அந்த நான்காம் நகலைத் தொண்ணூறுகளின் இறுதியில் யாரோ எம்பி3 ஆக்கினார்கள். அதை வேறொருவர் சின்னதாக்க மறுபடி சுருக்கினார். இன்று நம் போனில் இருக்கும் பல அரிய பாட்டுகளின் பூர்வீகம் இப்படித்தான். எம்பி3-ஐ எம்பி3 ஆகச் சுருக்கினாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். மின்னணு யுகத்திலும் கேசட் காலத்துத் தேய்மானம் தொடர்கிறது.

இந்தத் தேய்மானம் தமிழுக்குப் பழக்கமானது. ஏடு எழுதியவர் கை தவறினால் அடுத்து எழுதியவர் தவற்றையும் சேர்த்து எழுதினார். நூறு ஆண்டுக்கு ஒருமுறை ஓலை செல்லரிக்க, மறுபடி படி எடுக்க, பாடபேதம் பெருகியது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-ல் பதிப்பிக்க எத்தனை ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதை அவரைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பத்தில் ஒன்றான சிறுபாணாற்றுப்படைக்கும் திண்டிவனத்துக்கும் நேரடி உறவு உண்டு. யாழேந்திய பாணர்களை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் வழிகாட்டி அனுப்பும் நூல் அது. அவனுடைய ஊரின் பெயர் கிடங்கில், இன்று திண்டிவனத்தை ஒட்டியிருக்கும் கிடங்கல்.

ஈராயிரம் ஆண்டுக்கு முன் பாட்டுக்காரர்கள் பரிசு பெறக் கிடங்கிலை நோக்கி நடந்தார்கள். அவர்கள் கையிலிருந்த சீறியாழை வர்ணித்த சொற்கள் 269 அடிகளோடு நமக்கு வந்து சேர்ந்துவிட்டன. அந்த யாழ் எப்படி ஒலித்தது என்பது வந்து சேரவில்லை. ஈழத்து விபுலானந்த அடிகள் வாழ்நாளின் பல ஆண்டுகளைக் கொடுத்து ஆராய்ந்து 1947-ல் யாழ்நூலை வெளியிட்டார். கணக்கால் நரம்புகளின் சுருதியை நெருங்கினார். ஓசையைக் கொண்டுவர யாராலும் முடியவில்லை. எழுத்தைப் படியெடுக்க வழி இருந்தது, ஒலியைப் படியெடுக்க வழி இல்லை.

வழி வந்த பிறகும் இழந்துகொண்டுதான் இருக்கிறோம். தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ் 1931-ல் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதில் மறைந்தார். சினிமாவில் நடிக்காத அவருடைய குரல் நமக்குக் கிடைப்பது பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் அரக்கு இசைத்தட்டுகளால் மட்டுமே. மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் ஓடியன் கம்பெனியின் பழைய தட்டுகளை மின்னணு வடிவத்துக்கு மாற்றினார்கள். ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்றது இந்த ஓடியன் தட்டுகளைத்தான். இப்படிப்பட்ட காப்பகங்கள் எம்பி3-ஐ மூலப்படியாக வைப்பதில்லை. ஒலிக் காப்பகங்களின் உலகச் சங்கம் பரிந்துரைப்பது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் சுருக்காத பதிவு. வீட்டில் அதே காரியத்தைச் செய்ய விரும்புகிறவருக்குக் கைக்கு அடக்கமான வழி ஃபிளாக்.

ஒருமுறை ஃபிளாக்கில் எடுத்துவிட்டால் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். காருக்கு எம்பி3, போனுக்கு ஏ.ஏ.சி., நாளை வரப்போகும் வேறொன்று. தாய்ப்படி அப்படியே இருக்கும். நூறாவது நகலும் முதல் நகலும் ஒன்றே. அதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஃபிளாக் கோப்பின் தலைப்பிலும் மூல ஒலியின் எம்.டி.5 கைரேகை பதிந்திருக்கும். பத்து ஆண்டு கழித்து ஒரு கட்டளை கொடுத்தால் ஒரு பிட் கெட்டிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஏட்டுச் சுவடி காலத்தில் உ.வே.சா.வுக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

சிடியிலிருந்து எடுப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். உலகில் வேறு யாராவது அதே தட்டை எடுத்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்றும் ஒப்பிட்டுச் சொல்லும். இளையராஜா ரசிகர்கள் அமெரிக்காவின் ஓரியன்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட பழைய சிடிகளைத் தேடி அலைவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வந்த மறுபதிப்புகள் பலவற்றில் சத்தத்தைக் கூட்டி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த தூரத்தைக் குறைத்துவிட்டார்கள். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் ஒற்றை வயலின் மெல்ல நுழைந்து முழு வாத்தியக் குழுவாக விரியும் இடங்களுக்கு அந்தத் தூரம்தான் உயிர்.

இணையச் சேவைகளும் லாஸ்லெஸ் தருகின்றன. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் தொடங்கியது, ஸ்பாடிஃபை 2025 செப்டம்பரில் வந்தது. அது வாடகை வீடு. உரிமம் மாறினால் பாட்டு மறையும், ஒருநாள் சத்தமில்லாமல் வேறு பதிப்பு அந்த இடத்தில் வந்து உட்காரும். நம்மிடம் இருக்கும் கோப்பை யாரும் இரவோடு இரவாக மாற்ற முடியாது.

பெயர் மட்டும் ஃபிளாக்

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பாட்டு ஃபிளாக்குகளில் ஏராளமானவை போலி. யாரோ 128 எம்பி3-ஐ எடுத்து ஃபிளாக்காக மாற்றிவைத்திருப்பார்கள். கோப்பு பெரிதாகும், எறிந்தது திரும்ப வராது. தேய்ந்த நகலை இழப்பில்லாமல் காப்பாற்றினால் கிடைப்பது இழப்பில்லாத தேய்மானம்.

கண்டுபிடிப்பது எளிது. ஆடாசிட்டி அல்லது ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து அதிர்வெண் படத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான சிடிப் பதிவு 22,000 ஹெர்ட்ஸை நெருங்கும்வரை மெல்ல மங்கிக்கொண்டே போகும். 128 எம்பி3-லிருந்து வந்தது 16,000-ல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐம்பதுகளின் படப்பாட்டில் இயல்பாகவே மேலே ஒன்றும் இருக்காது, அன்றைய ஒலிப்பதிவு அவ்வளவுதான். அங்கே கோடு கூர்மையாக இருக்கிறதா, தேய்ந்து மறைகிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். பழைய ஆர். சுதர்சனம் பாட்டு 8,000-க்கு மேல் மெலிந்திருப்பதைப் பார்த்துப் போலி என்று எறிந்துவிடக் கூடாது.

வேறெங்கும் பிரதி இல்லாதவை

படப்பாட்டுக்கு எங்காவது இன்னொரு பிரதி கிடைக்கும். விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1-ல் பிறந்த சிவாஜி கணேசனின் கட்டபொம்மன் வசனமும் திருவிளையாடல் வசனமும் ஒலிச்சித்திரத் தட்டுகளாக வந்தன. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ரேடியோ செட்காரர் குழாய் கட்டி அதைப் போட, ஊரே வசனத்தை மனப்பாடம் செய்தது. அந்தத் தட்டு ஒன்று உடைந்தால் வேறொன்று தேடிக்கொள்ளலாம்.

மேலச்சேரித் திரௌபதை அம்மன் திருவிழாவில் ஒரு வாத்தியார் ஓர் இரவு பாடியதற்கு வேறு பிரதி எங்கே? செஞ்சியை ஒட்டிய மேலச்சேரிக் கோயிலைத்தான் திரௌபதை வழிபாட்டின் ஆதிக் கோயில் என்று இப்பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-ல் வெளியிட்ட பெரிய நூல் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்தே எழுதப்பட்டது. பாரதம் வைத்த ஊரில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், விடிந்தால் படுகளம். ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு. மாரியம்மன் கோயில்களிலோ பம்பையும் உடுக்கையும் சிலம்பும்.

டூ-இன்-ஒன் வந்த காலத்தில் ஊருக்கு ஒருவராவது மேடைக்கு முன்னால் உட்கார்ந்து இவற்றைப் பதிந்தார். மைக் நன்றாக இருக்காது, குழந்தை அழும், ஜெனரேட்டர் உறுமும். பாட்டன் பாடியதை அப்பன் பாடி, அதைக் கேசட்டில் கேட்டுப் பிள்ளை கற்ற குடும்பங்கள் உண்டு. எழுதாத மெட்டு, எழுத முடியாத இழுப்பு, கட்டியக்காரன் அந்த ஊர் நடப்பை வைத்து அன்றிரவே இட்டுக்கட்டிய பேச்சு எல்லாம் அந்தக் காந்த நாடாவில் மட்டும்தான் இருக்கின்றன. ஒப்பாரிகளும் இருளர் பாட்டுகளும் கல்யாண வீட்டு நாதஸ்வரமும் அப்படியே.

நாடா நிரந்தரமில்லை. ஈரத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும், அழுத்துப் பஞ்சு உதிரும், காந்தப் பொடி டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு வரும். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. அரிசி, துணிமணி, பள்ளிப் புத்தகத்தின் கணக்கை எடுத்தார்கள். பரணுக்குக் கீழே அட்டைப் பெட்டியில் இருந்த கேசட்டுகளின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

மிஞ்சியவற்றைப் பதியும்போது லாஸ்லெஸ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இந்தக் கேசட் இன்னும் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை ஓடும். அந்த ஒரு ஓட்டத்தை 128 எம்பி3 ஆகப் பிடித்துவைத்தால், ஏற்கெனவே மங்கிய சலங்கையை நாமும் ஒரு கை பார்த்ததாகும். இன்று இரைச்சலுக்குள் புதைந்து கேட்கும் ஒரு வரியை நாளை வரும் கருவி பிரித்தெடுக்கலாம். அதற்கு இரைச்சலும் முழுசாக இருக்க வேண்டும். எம்பி3 முதலில் எறிவதே அந்த மெல்லிய ஓசைகளைத்தான்.

செலவு பெரிதில்லை. 90 நிமிடக் கேசட்டை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் சுருக்காத கோப்பு சுமார் ஒன்றரை ஜி.பி. ஃபிளாக்கில் கணிசமாகக் குறையும். இரைச்சல் மிகுந்த நாடா குறைவாகவே சுருங்கும், ஊகிக்க முடியாததே இரைச்சல் என்பதால் அதற்குத்தான் அதிக இடம் போகிறது. அப்படியும் ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் ஓர் ஊரின் அத்தனை கேசட்டும் அடங்கிவிடும். சிடித் தரத்துப் பாட்டு என்றால் ஏறத்தாழ 30,000 கொள்ளும்.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் திருகை மெல்லத் திருகி மேல்ஸ்தாயி எங்கே தெளிகிறது என்று காதால் பார்க்க வேண்டும். இந்த ஒரு திருகு கொடுக்கும் தெளிவை லட்ச ரூபாய்க் கருவியும் பிறகு தராது. ஒலி அளவு சிவப்பைத் தொடக் கூடாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தாய்ப்படியில் கைவைக்க விடக் கூடாது, சுத்தம் செய்வதெல்லாம் நகலில். பிறகு ஊர், திருவிழா, எத்தனையாம் இரவு, கூத்தின் பெயர், வாத்தியார், பின்பாட்டு, மிருதங்கம், முகவீணை என்று அத்தனை பெயரும் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டும். ஃபிளாக்கின் குறிப்புப் பகுதி யூனிகோட் என்பதால் தமிழிலேயே எழுதலாம். பழைய எம்பி3 தட்டுகளில் 'டிராக் 07' என்று பெயரற்றுக் கிடந்த பாடகர்கள் எத்தனை பேர்! முடிந்ததும் ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறொரு டிஸ்க்கில், ஒன்று வேறோர் ஊரில். மூன்றும் ஒரே புயலில் நனையாது.

இன்னொரு பிரதி எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூத்தைப் பதிந்தவர்களும் பிறகு அதை இணையத்தில் ஏற்றியவர்களும் பாடியவரைக் கேட்டது அபூர்வம். தன் தகப்பனின் குரல் யாருடைய யூடியூப் பக்கத்திலோ ஓடுவதைப் போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கலைஞர் குடும்பங்கள் இருக்கின்றன. பதிவை மின்னணுவாக்குகிறவர் எதையும் வெளியிடும் முன் அந்தக் கூத்து ஜமாவின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், காசு வந்தால் பங்கு கொடுக்க வேண்டும். ஒரு பென்டிரைவில் முழு ஃபிளாக்கையும், வீட்டில் பாட்டுப்பெட்டியில் போட்டுக் கேட்க எம்பி3 நகலையும் சேர்த்து, முதலில் வாத்தியார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.